ஐந்தாவது கோல்

இரவு பன்னிரண்டரைக்கு
வர்க்கி மாவுக்கு மூன்றாவது மடிப்பு போடும்போது
மைதா டின்னில் சாய்ந்து நிற்கும் என் போனுக்குள்
மான்செஸ்டரில் விளக்கு போடுகிறார்கள்.
அந்த மைதானத்தில் ஒரு புல்கூடக் கோணலாக இல்லை.
கையெல்லாம் டால்டா;
முழங்கையால் சத்தத்தைக் கூட்டுகிறேன்.

பதினோரு வருடமாக அவர்கள் என் ஆட்கள்.
ஜெயித்தார்கள் என்று சொல்லமாட்டேன்,
ஜெயித்தோம் என்பேன்.
அந்த 'ஓம்'
எட்டாயிரம் கிலோமீட்டர் இழுபட்டும் அறுவதில்லை,
நன்றாகப் பிசைந்த மாவு மாதிரி.
தோற்ற இரவுகளில் வர்க்கி கொஞ்சம் கருகும்.
முதலாளி மிக்கேல் கேட்டால்
விறகு ஈரம் என்பேன்.

ஞாயிறு மூன்று மணிக்கு
டானிங்டன் லெவன் ஸ்டார்ஸ்.
பேர்தான் லெவன். அன்றைக்கு ஒன்பது பேர்.
யோகராசாவுக்கு டீ ஃபேக்டரியில் ஷிஃப்ட்,
இன்னொருவன் மாமனார் ஊரில் ஒரு எழவுக்குப் போயிருந்தான்.
கார்னர் பக்கம் காட்டெருமைச் சாணி, காயாதது.
அதைச் சுற்றிப் பந்தை வெட்டத் தெரிந்தவன்தான்
எங்கள் ரைட் விங்.
பந்து தேயிலைக்குள் உருண்டுவிட்டால்
இரண்டு டீமும் சேர்ந்து தேடும்.

உண்மையில் நான் ஆட்டம் பார்க்கப் போகவில்லை.
கோல்கீப்பர் போஜன் எனக்கு
முந்நூற்றைம்பது ரூபாய் தரவேண்டும்.
கோலுக்குப் பின்னால் போய் நின்றால்
அவனால் எங்கேயும் ஓடமுடியாது.

அரவேணுக்காரர்கள் நாலு போட்டிருந்தார்கள்.
அப்போது பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறியது.
முதலில் எதிர்ப்பக்கத்து கோல் போனது,
பிறகு நடுக்கோடு,
பிறகு ரெஃப்ரியின் தொப்பி.
விசில் மட்டும் மிச்சம்.
டப் என்று உதைக்கும் சத்தம். டேய் விடு, டேய் எனக்கு.
யாரோ இருமினார்கள்.
காசு கொடுத்திருந்தால் திருப்பிக் கேட்டிருப்பேன்.

திடீரென்று
பனிக்குள்ளிருந்து பந்து மட்டும் வந்தது.
தனியாக, அவசரமே இல்லாமல்,
போஜனின் இடது முட்டிக்கு அடியில் நுழைந்து
கோட்டைத் தாண்டி
கிழிந்த வலை வழியாக
என் செருப்பில் முட்டி நின்றது.

போஜன் என்னைப் பார்த்தான்.
நான் பந்தைப் பார்த்தேன்.

பனிக்குள் ஒரு பாதி கத்தியது: கோல்!
மறுபாதி: வெளியே, வெளியே!
ஓடிவந்த ரெஃப்ரி மூச்சு வாங்க
கோலுக்குப் பின்னால் நின்ற ஒரே ஆளைக் கேட்டார்:
"தம்பி, உள்ள போச்சா?"

என் உடம்பில் மான்செஸ்டர் சட்டை,
நெஞ்சில் ஏதோ விமானக் கம்பெனியின் பெயர்.
அங்கே இதற்கெல்லாம் இருபது கேமரா.
கோட்டை அரை விரல் தாண்டினால்கூட
ரெஃப்ரியின் கைக்கடிகாரம் துடிக்குமாம்.
பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட
அவர்கள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

"போகல சார்.
போஸ்டுக்கு வெளியிலதான். நான் பார்த்தேனே."

சத்தியம் பண்ணு என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
தெரியவில்லை, பண்ணியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

நாலு - பூஜ்யம்.
ஐந்து ஆகவிடவில்லை.

முடிந்ததும் அரவேணு கேப்டன் கிட்டே வந்து
"நல்ல கண்ணு உங்களுக்கு" என்றான்,
சிரிக்காமல்.
போஜன் கையுறையைக் கழற்றி அதற்குள்ளிருந்து
நனைந்த ஐம்பது ரூபாய் ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.
மிச்சம் அடுத்த ஞாயிறு.

செவ்வாய் இரவு மான்செஸ்டருக்கு மூன்று கோல்.
மூன்றையும் ஆறு பக்கத்திலிருந்து காட்டினார்கள்.
மாவை மடித்துக்கொண்டே பார்த்தேன்.
அருமையான கோல்கள்,
யாரும் சாட்சி சொல்லத் தேவையில்லாதவை.

குனிந்து விறகு தள்ளும்போது
மிக்கேல் என் இடது செருப்பைக் காட்டி
அதென்ன வெள்ளையாக என்றார்.
கோட்டிலிருந்து பந்து எடுத்துவந்த சுண்ணாம்பு.

மைதா என்றேன்.